ஒற்றைக் கையால் தூக்கிய கேரவன்

என் பெயர் லோவென்னா ட்ரெதூயி. வயது 46. இங்கிலாந்தின் கார்ன்வாலில் லிஸ்கர்டுக்கு அருகே வசிக்கிறேன். கார் ஓட்டக் கற்றுத்தருகிறேன். காருக்குப் பின்னால் டிரெய்லரும், படுக்கை வசதியுள்ள கேரவனும் இழுப்பதற்கான தேர்வுக்குப் பதினோரு ஆண்டுகள் ஆட்களைத் தயார்செய்தேன். 2021 டிசம்பரில், கார் உரிமமே போதும் என்று அந்தத் தேர்வை அரசு எடுத்துவிட்டது. என் தங்கை கணவர் ஜாகோ பெங்கெல்லி, அவருடைய கேரவனை நான் சோதித்துச் சரி என்று சொன்னதாகக் காவல்துறையிடம் கூறியிருக்கிறார். அதற்காகவே, நடந்த விபத்து பற்றி இந்த வாக்குமூலம் தருகிறேன்.

26.7.2025 சனிக்கிழமை காலை எட்டரைக்குத் தங்கை டாம்சின் வீட்டுக்குப் போனேன். அவர்கள் விடுமுறைக்குக் கிளம்புவதால் நாயை என் காரில் கூட்டிவரப் போயிருந்தேன். ஜாகோ அதுவரை எதையும் இழுத்து ஓட்டியதில்லை. அதனால் கேரவனுக்குள் பார்த்தேன். கூடாரத் துணி, தண்ணீர் நிரப்பிய கேன்கள், டின் உணவு எல்லாம் கடைசிப் படுக்கைக்கு அடியில் இருந்தன. பின்சுவரில் இரண்டு சைக்கிள்கள் தொங்கின. பாரத்தைச் சக்கரத்துக்கு மேலே வையுங்கள், பின்னால் கனத்தால் கேரவன் காரையே ஆட்டும் என்றேன். ஜாகோ, கேரவனின் முன்பக்கத்தை, கார்க் கொக்கியில் மாட்டும் இடத்தில், ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா டீச்சரம்மா, பூ மாதிரி வருது. வித்தவன்தான் இப்படி அடுக்கச் சொன்னான், இடுப்பு பிடிக்காதாம்."

முன்பக்கம் அப்படி லேசாக வந்தால் பாரமெல்லாம் பின்னால் இருக்கிறது, அதுதான் ஆபத்து என்றேன்.

"பரீட்சையைத் தூக்கி நாலு வருஷம் ஆகப்போகுது. உங்களுக்கு இன்னும் மார்க் போட ஆள் வேணும்."

டாம்சின் சிரித்தாள். "விடேன் அக்கா, டீ ஆறுது" என்றாள். நான் டீயைக் குடித்தேன்.

அதன்பின் ஒன்பதே காலுக்கு அவர்கள் கிளம்ப, நாயுடன் நான் பின்னால் போனேன். இறக்கத்தில் ஒரு லாரி அவர்களை முந்தியதும் கேரவன் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. அப்போது பிரேக்கைத் தொடக்கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். முதல் நாள் பாடம் அது. ஜாகோவின் பிரேக் விளக்கு மூன்று முறை எரிந்தது. அதன்பின் கேரவன் சாய்ந்து, ஓரத்தில் தன் வேனுக்குச் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்த டென்சில் ஹாஸ்கின் என்பவர்மீது விழுந்தது. அவருக்கு வயது 31. இடது காலை எடுத்துவிட்டார்கள்.

அதன்பின் மருத்துவமனையில் டாம்சின் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "சரின்னு சொன்னேன்னு சொல்லிடு அக்கா. அவரு ஜெயிலுக்குப் போயிடுவாரு." முடியாது என்றேன். "அவரு தோக்கணும்னுதானே காத்துக்கிட்டு இருந்தே" என்றாள்.

அதில் உண்மை இருக்கிறது. கொஞ்சம் ஆட்டம் கண்டு பயந்தால் என்னிடம் கற்றுக்கொள்ள வருவார் என்று நினைத்தேன். அதனால்தான் சாவியைப் பிடுங்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளும்படி சொன்னேன்.

ஜாகோவிடம் கார் உரிமம் இருந்ததா என்று இதை எழுதும் காவல் அதிகாரி கேட்டார். இருந்தது. அந்தக் கேரவனை இழுக்க அவர் யாரிடமும் எதையும் செய்துகாட்ட வேண்டியிருக்கவில்லை.

மேலே உள்ளது எனக்குப் படித்துக்காட்டப்பட்டது. ஓரிடத்தில் 'எதிர்பாராத விபத்து' என்று இருந்தது. நான் எதிர்பார்த்தேன், முதல் சொல்லை அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். மற்றவை நான் சொன்னவை, உண்மையானவை. பொய்யானால் தண்டனை உண்டு என்று அறிந்தே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) லோ. ட்ரெதூயி