சந்தனம் வைத்த பிளாப்பி

காலையில் இரண்டு இட்லிக்கு மேல் நான் சாப்பிடுவதில்லை. தொண்ணூற்றொன்றில், ஒரே மத்தியானத்தில், செத்துப்போன பதினேழு பேரை உயிரோடு எழுப்பியவனும் நான்தான்.

"டூப்புக்கும் ஒரு அளவு வேணாமா சார்?" என்பார் தோத்தாத்ரி. தாம்பரத்தில் நான் கம்ப்யூட்டர் பார்த்த நர்சிங் ஹோமில் அவர் கம்பவுண்டர். இப்போது இருவரும் ரிடையர். மாடம்பாக்கம் ஏரிக்கரையில் தினமும் நடக்கிறோம். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பார். இதில் தள்ள ஒன்றுமில்லை.

நோயாளிகளின் விவரமெல்லாம் கம்ப்யூட்டரில்தான். பழைய நோட்டுகளைப் பேப்பர்காரனிடம் போடச் சொன்னதே நான். "பூகம்பம் வந்தாலும் என் பேக்கப் நிற்கும்" என்று டாக்டரம்மா அபிதகுஜாம்பாளிடம் சவடால் விட்டிருந்தேன். சனிக்கிழமைதோறும் ஏழு பிளாப்பிகளில் பிரதி எடுப்பேன். ஆயுத பூஜையன்று ஸ்டெதாஸ்கோப்புக்கே பொட்டு வைத்தார்கள். பிளாப்பிகள் என்ன பாவம் செய்தன? நானே சந்தனம் குழைத்து, உறைக்குள்ளிருந்து காந்தத் தட்டு எட்டிப்பார்க்கும் இடமாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தாராளமாக வைத்தேன். மறுநாள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சரிசெய்தபோது உள்ளே ஒன்றுமில்லை; சந்தனம் காய்ந்த ஒரு பிளாப்பியைக்கூட அது படிக்கவில்லை.

வீட்டுப் பீரோவில் ஜூன் மாதப் பிரதி ஒன்று கிடந்தது. அதை ஏற்றினேன். ஜூனுக்குப் பின் செத்த பதினேழு பேரும் கம்ப்யூட்டரில் எழுந்துவிட்டார்கள். மறுபரிசோதனைக்கு வரச்சொல்லி அவர்களுக்குத் தபால் கார்டுகூடப் போயிற்று. ஜூனுக்குப் பின் பதிந்ததெல்லாம் காணாமல் போயிற்று.

"எல்லாம் வந்துடுச்சா?" என்றார் டாக்டரம்மா.

"ஒரு எழுத்து குறையல மேடம்."

நான்கு மாத விவரத்தையும் மெல்ல விசாரித்துச் சேர்த்துவிடலாம் என்று திட்டம். நியாயமான திட்டம்தான்.

எட்டாம் நாள் அங்காளம்மா வந்தாள். கோவளத்திலிருந்து மீன்கூடையோடு பஸ் ஏறி வருபவள். காலில் முள் குத்திச் சீழ் வைத்திருந்தது. ஆகஸ்டில் பென்சிலின் போட்டு, மூச்சடைத்து, மறுபிழைப்புப் பிழைத்தவள்.

"இன்னா சார், அந்த ஊசி எனக்கு ஆவாதுன்னு பொட்டில போட்டியே, அது இன்னும் அதுல கீதா?"

"இருக்கும்மா. பொட்டி மறக்காது."

"அப்ப உள்ள நான் ஒண்ணும் சொல்ல வேணாம். அந்தப் பேரு என் வாய்ல நொழையாது."

சிரித்துக்கொண்டே போனாள். அச்சடித்த சீட்டில் 'ஒவ்வாமை: இல்லை' என்றிருந்தது. பேனாவால் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். ஒரு எழுத்தும் குறையவில்லை என்று சொன்னவன், டாக்டரம்மா பார்க்கப்போகும் சீட்டில் எப்படி எழுதுவது? உள்ளே பென்சிலின் போட்ட பின் கால் மணி நேரம்தான் இருந்தாள். மாரடைப்பு என்றார்கள்; அப்படியே பதிந்தேன். அந்த வாரப் பேக்கப்பில் அது பத்திரமாக இருந்தது.

பதினேழு பேர் எழுந்தார்கள், போனது ஒருத்தி. முப்பது வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று இதை முழுசாகச் சொன்னேன். தோத்தாத்ரி டூப்பு என்று சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி, இல்லாத கல்லை உதறினார்.

"நடந்தது சார். சீட்டை உள்ள எடுத்துட்டுப் போனது நான்தான். நீங்க 'இருக்கு'ன்னது காதுல விழுந்தது. சீட்டுல 'இல்லை'ன்னு இருந்ததையும் படிச்சேன்."