பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து

எங்கள் அலுவலகத்தில் ஒழுங்காக வேலை செய்வது மின்விசிறியும் நானும்தான் என்று மேலதிகாரியே சொல்வார், ஐயா. இருபத்திரண்டு வருடமாக வாக்காளர் பட்டியல் பிரிவில் இருக்கிறேன். ஒரு எழுத்துப் பிழை என்று யாரும் என்னைக் கைநீட்டிச் சொன்னதில்லை.

போன வருடம் சட்டம் மாறியது. இன்னார் இந்த முகவரியில் இல்லை என்று புகார் வந்தால் வீட்டுக்குத் தபாலில் நோட்டீஸ் போகும். வீட்டில் யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கியும் ஏழு நாளில் பதில் வராவிட்டால் பெயரை நீக்கிவிடலாம். நல்ல சட்டம். செத்துப்போனவர்களெல்லாம் பட்டியலில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

என் தம்பி வார்டு தேர்தலில் நிற்பதாக இருந்தான். வாயுள்ள பிள்ளை. தெருவில் இறங்கினால் பத்துப் பேர் கூட நடப்பார்கள். அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அம்மா அவனோடு இருந்தாள். ஞாயிறுதோறும் போவேன். என் தட்டில் பரிமாறிக்கொண்டே, சின்னவன் வந்துவிட்டானா என்று வாசலைப் பார்ப்பாள். எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன்.

அவன்மேல் வந்த புகாரை எழுதியது நான். நோட்டீஸைத் தயாரித்ததும் நான். தபாலில் போனதாகப் பதிந்துவிட்டு, கையிலேயே கொண்டுபோனேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெற்றுக்கொண்ட சீட்டை நீட்டி, இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா என்றேன். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. நோட்டீஸ் என் சட்டைப் பைக்குள்ளேயே திரும்பி வந்தது.

எட்டாம் நாள் பெயர் போயிற்று. பட்டியலில் இல்லாதவன் என்று அவன் வேட்புமனுவையும் தள்ளிவிட்டார்கள். தம்பி முறையீடு செய்தான். பத்து நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. நான் மூன்றே நாளில் கோப்பை மேலதிகாரியிடம் வைத்தேன். அம்மாவின் கையெழுத்து பளிச்சென்று இருந்தது. முறையீடு நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி அந்தச் சீட்டின் நகலை அம்மா முன்னால் வைத்தான். நானும் இருந்தேன்.

"இது உன் கையெழுத்துதானே? அந்த நோட்டீஸ எங்கம்மா வச்ச?"

அம்மா என்னைப் பார்த்தாள். "பெரியவனே, நீதானப்பா ஏதோ தாள்ல கையெழுத்து வாங்கின?"

"இல்லியேம்மா," என்றேன். "தபால்காரர்கிட்ட போட்டிருப்ப. உனக்கு இப்பல்லாம் மறதி."

நகலைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "இருக்கும்," என்றாள்.

அன்றோடு தம்பி அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டான். நான் என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். இப்போது எதையும் என்னைக் கேட்டுத்தான் செய்கிறாள். நேற்று மதியம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தவள், நான் சாப்பிட்டேனா பெரியவனே என்று கேட்டாள். இன்னும் இல்லையேம்மா என்றேன். உட்காரவைத்து என் கையாலேயே ஊட்டினேன். ஒரு வாய் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். சின்னவன் ஒரு நாளாவது அவளுக்கு இப்படி ஊட்டியிருப்பானா, நீங்களே சொல்லுங்கள்.