பதினோரு நிமிடம்

எனக்கு மதியத் தூக்கம் கிடையாது. சாப்பிட்டதும் படுக்கும் பழக்கம் சின்ன வயதிலிருந்தே இல்லை. அதனால்தான் அன்று இரண்டேகால் மணிக்குத் தீவிர சிகிச்சை வார்டில் நின்றுகொண்டிருந்தேன். விசாரணையில் அப்படித்தான் சொன்னேன். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

நீங்களும் கேட்கவில்லை இன்ஸ்பெக்டர் சார். நானாகச் சொல்கிறேன்.

என் பெயர் கோமதிநாதன். வயது நாற்பத்தொன்று. சென்னையில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு ஆண்டுகள் கர்னல் பிரிவில் இருந்தேன். கர்னல் என்பது கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் நிரல். அது விழுந்தால் மேலே ஓடுகிற அத்தனையும் விழும். ஏன் விழுந்தது என்று கண்டுபிடிப்பது என் வேலை. ஒருநாள் அந்தப் பிரிவை மூடினார்கள். ஊருக்கு வந்தேன். அந்த மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தேன். பிரின்டரில் காகிதம் சிக்கினால் எடுப்பேன். எலி கடித்த வயரை மாற்றுவேன். நான்கு ஆண்டுகள் அப்படிப் போயின.

வார்டில் எட்டுக் கட்டில்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு சிறிய மானிட்டர் உண்டு. எட்டும் நர்ஸ் மேஜையில் இருக்கும் ஒரே பெரிய திரையில் தெரியும். யாருக்காவது மூச்சோ நாடியோ இறங்கினால் பெரிய திரை சத்தம் போடும். அதனால் கட்டில் மானிட்டர்களின் சத்தத்தைக் குறைத்தே வைத்திருப்பார்கள். அது அந்த வார்டின் பழக்கம். நான் ஏற்படுத்தியதல்ல.

பெரிய திரையை ஓட்டும் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்பது, பத்து நாளுக்கு ஒருமுறை விழுந்தது. திரை கறுக்கும். நர்ஸ் பொத்தானை அழுத்துவார். இரண்டு நிமிடத்தில் பெட்டி மறுபடி ஓடும். மேலாளர் சுந்தரராஜ் அதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார்.

“என்ன வே, திரும்பவும் படுத்துட்டாமே. பேஷண்ட விட ஒம்ம பெட்டிக்குத்தான் மொதல்ல ஒரு கட்டில் போடணும் போல. புது வெர்ஷன் ஏதும் வந்திருந்தாப் போட்டுப் பாருமே.”

“காரணம் தெரியாம மாத்தக் கூடாது அண்ணாச்சி” என்றேன்.

எங்கள் தொழிலில் முதலில் செய்ய வேண்டியது அவர் சொன்னதுதான். புதிய பதிப்பைப் போட்டுப் பார்ப்பது. அதிலும் விழுந்தால்தான் மேலே பேசுவார்கள். எனக்கு அது தெரியும். ஆனால் மாற்றினால் பிழை மறைந்துவிடலாம். மறைந்துவிட்டால் அதைக் கண்டுபிடித்த ஆள் என்று யாரும் இருக்க மாட்டார்.

இந்த ஆசையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெட்டியில் ஓடுகிற கர்னலை உலகம் முழுவதும் பல்லாயிரம் பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். ஒரு பிழையைச் சரிசெய்யும்போது, அதை முதலில் தெரிவித்தவரின் பெயரைக் கீழே ஒரு வரியில் போடுவார்கள். அந்த வரியை யாரும் அழிக்க முடியாது. பன்னிரண்டு ஆண்டுகளில் நான் கண்டுபிடித்தவை கம்பெனியின் பெயரில் போயின. எனக்கு ஒரு வரி போதும் என்று இருந்தது.

முதலில் இருக்கிற பதிவுகளை வைத்து அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நினைவகப் பதிவு இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. அது நியாயமான பதில். கர்னல் விழும்போது நினைவகத்தில் இருந்தது அத்தனையையும் ஒரு கோப்பாக எழுதிவைக்க ஏற்பாடு செய்ய முடியும். பிரேதப் பரிசோதனை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் தெரிவது, கடைசியாக ஓடிய நிரலின் பெயர் மட்டும். அந்தப் பெயரை நம்பக் கூடாது. எங்கோ ஒருவன் கெடுத்துவிட்டுப் போன இடத்தில் அது தெரியாமல் காலை வைத்தவனின் பெயராகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

கோப்பு எழுதி முடித்துத் தானாக மறுபடி ஓட அந்தப் பழைய பெட்டிக்குப் பதினோரு நிமிடம் ஆகும். நடுவில் பொத்தானை அழுத்தினால் எல்லாம் போய்விடும். அதுவரை அழுத்தாமல் இருக்க முடியுமா என்று நர்ஸ்களிடம் கேட்டேன். விஜிதா என்ற பெண்தான் பதில் சொன்னாள். இருபத்தாறு வயது. ராயகிரியிலிருந்து பஸ்ஸில் வருவாள்.

“பதினோரு நிமிஷமா? உங்கம்மா இங்கன கெடந்தா வுடுவீங்களா அண்ணாச்சி? நா ரெண்டு நிமிஷத்துக்கே ‘சேசுவே, காப்பாத்தும்’னு நிக்கேன். நீங்க வேற.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு இரண்டு முறை பெட்டி விழுந்தது. இரண்டு முறையும் அவள் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினாள். இரண்டு பதிவுகளும் பாதியில் நின்றன.

திரை கறுப்பதால்தான் அழுத்துகிறார்கள். ஆகவே பெட்டி விழுந்தாலும் கடைசியாகத் தெரிந்த படம் திரையில் அப்படியே நிற்கும்படி செய்தேன். சிரமமான வேலை இல்லை.

அலைக்கோடுகள் ஓடாமல் நின்றால் கண்டுபிடித்துவிடுவார்கள். எண்கள் மட்டும் தெரியும் பக்கத்துக்கு மாற்றினேன். பெட்டிக்குச் சுமை குறையும் என்று சொன்னேன். எண்கள் பெரிதாகத் தெரிந்ததால் அவர்களுக்குப் பிடித்திருந்தது. தலைமை நர்ஸ் முத்துமீனாள், “இப்பதான் தம்பி உருப்படியா ஒரு வேல பாத்திருக்கீங்க. கண்ணாடி இல்லாமத் தெரியுது” என்றார்.

திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடியது. அதையும் எடுத்துவிட்டேன்.

பத்து நாள் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. பிழையைச் சீக்கிரம் வெளியே இழுக்கும் சில சோதனைகளைப் பெட்டிக்குள் சேர்த்தேன். மூன்று நாளுக்கு ஒருமுறை விழத் தொடங்கியது. பெரும்பாலும் மதியத்தில் விழுந்தது. ஐந்து பதிவுகள் கிடைத்தன. ஐந்திலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு துண்டு குறைந்திருந்தது; ஐந்தும் சேர்ந்து பிழையை முக்கால்வாசி காட்டின. ஆறாவது கிடைத்தால் போதும் என்று தெரிந்தது.

அன்று ஆடித்தபசுத் திருவிழா. தேரடிப் பக்கம் கூட்டம் நெரித்ததில் டாக்டரின் கார் எங்கோ மாட்டிக்கொண்டது. இரண்டு நர்ஸ்கள் விடுப்பு. முத்துமீனாள் சாப்பிடப் போயிருந்தார். வார்டில் விஜிதா மட்டும் இருந்தாள். நான் மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு இருபதுக்குப் பெட்டியின் சிறிய விளக்கு விடாமல் மினுங்கத் தொடங்கியது. கோப்பு எழுதத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். திரையில் எட்டு வரிசை எண்கள் அப்படியே நின்றன.

ஆறாம் கட்டிலில் முத்துமாரியம்மாள் என்பவர் இருந்தார். பனவடலிசத்திரத்துக்காரர். நுரையீரலில் சளி. தேறிவந்தார். மறுநாள் சாதாரண வார்டுக்கு மாற்றுவதாக இருந்தது. தூக்கத்தில் அவருடைய ஆக்சிஜன் மாஸ்க் நழுவிவிட்டது. எடுத்து வைத்திருந்தால் போதும். இரண்டு முப்பத்தொன்றுக்குத் திரை திரும்ப உயிர்பெற்றுச் சத்தம் போட்டபோது நேரம் கடந்துவிட்டது.

மகன் ஆறுமுகச்சாமி வெளியே பெஞ்சில் இருந்தார். உள்ளே வந்து விஜிதாவின் முன்னால் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“மாஸ்க்கு கழண்டு கெடந்திருக்கு. பத்தடியில நிக்க. எதப் பாத்துட்டு இருந்த நீ?”

“தொண்ணூத்தேழுன்னுதான் இருந்துச்சுண்ணே” என்றாள். அதையே எல்லோரிடமும் சொன்னாள். ஆனால் கட்டில் மானிட்டரின் பதிவில் இரண்டு இருபத்திரண்டிலிருந்தே ஆக்சிஜன் எண் இறங்கியிருந்தது. பெரிய திரையில் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். என்னைக் கேட்டார்கள். பெட்டி கடைசியில் இரண்டு நிமிடம் மட்டும் நின்றது, அதற்கு முன் சரியாக ஓடியது என்று எழுதிக் கொடுத்தேன். திரையை நான் பார்க்கவில்லை என்றும் எழுதினேன். வேலையிலிருந்து அவளை நிறுத்தினார்கள். நீங்கள் அவள்மேல் வழக்குப் போட்டீர்கள். வீட்டில் பேசிவைத்திருந்த கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றார்கள்.

அவள் ஒருமுறை என்னைத் தேடி வந்தாள். என் அறை வாசலிலேயே நின்றாள்.

“அன்னைக்கு நீங்களும் அங்கனதான நின்னீங்க அண்ணாச்சி. நீங்ககூட ஏதோ நம்பர் சொன்ன மாதிரி இருக்கு. நா பாத்தது தொண்ணூத்தேழுதான?”

“நான் பெட்டியப் பாத்துட்டு இருந்தேம்மா. ஒண்ணும் சொல்லலியே.”

“அப்பம் நாந்தான் பாக்காம இருந்திருப்பேன் போல” என்றாள். மறுவாரம், திரையைப் பார்க்கவில்லை என்று அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். யாரும் அவளை மிரட்டவில்லை என்று கேள்விப்பட்டேன். அவள் அதை நம்பியே போட்டிருக்கிறாள்.

நான் ஆறாவது பதிவைப் பிரித்துப் படித்தேன். நெட்வொர்க் அட்டைக்கான நிரலில் ஒரு பிழை. நினைவகத்தில் ஓர் இடத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அது தன்னுடையது என்று நினைத்து அதிலேயே எழுதிக்கொண்டிருந்தது. நாற்பது பக்கத்துக்குக் கடிதம் தயாரித்து அனுப்பினேன். என் வாழ்நாளில் அதைவிடச் சுத்தமான வேலையை நான் செய்ததில்லை.

நேற்று முன்தினம் பதில் வந்தது. ஒரு வரி. இது மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சரிசெய்யப்பட்டுவிட்டது, புதிய பதிப்பைப் போட்டுக்கொள்ளவும். கீழே வேறு யாரோ ஒருவரின் பெயர்.

சுந்தரராஜ் சொன்ன அன்றே போட்டிருந்தால் அரை மணி நேர வேலை.

நான் வந்ததும் நீங்கள் சலித்துக்கொண்டீர்கள். “கேஸ் முடிஞ்சு போச்சு வே. அந்தப் பிள்ளையே பாக்கலன்னு எழுதிக் குடுத்துட்டு. நீரு எதுக்கு வே இப்பம் புதுசா ஒண்ணத் தூக்கிட்டு வாரீரு?” என்றீர்கள். விஜிதாவுக்காக வந்தேன் என்றேன். உண்மைதான். பதில் வேறு மாதிரி வந்திருந்தாலும் வந்திருப்பேன். கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதினால்தான் அவள் கையெழுத்துப் போட்டது பொய் என்று ஆகும்.

மேஜைக்கும் ஆறாம் கட்டிலுக்கும் நடுவில் ஒரு தூண் உண்டு. விஜிதா இரண்டாம் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்து ஆறாம் கட்டில் தெரியாது. நான் நின்ற இடத்திலிருந்து தெரியும். மாஸ்க் கன்னத்தில் கிடந்தது. தலைமாட்டு மானிட்டரில் எண்பத்திரண்டு இருந்தது. பிறகு எழுபத்தாறு. அது மெதுவாகக் கத்திக்கொண்டும் இருந்தது. வெளியே மேளச் சத்தம்.

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். “ஆறு எவ்வளவு காட்டுது அண்ணாச்சி? இங்கருந்து சரியாத் தெரியல” என்றாள்.

கட்டிலைப் பார்த்தேன். அறுபத்தெட்டு. கோப்பு முடிய இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

“தொண்ணூத்தேழும்மா” என்றேன்.

அந்த அம்மாளைக் கொன்றது நான்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே, கோப்பு முழுதாக வந்தது என்பதையும் எழுதுங்கள் சார். ஆறு பதிவுகளில் அது ஒன்றில்தான் எதுவும் குறையவில்லை.