கல்மண்டபத்து விளக்கும் கயிற்றுக்கடைச் சங்கிலியம்மாளும்

தலைமை வகிக்கும் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டு பேச்சிமுத்து அவர்களே! போர்டு மெம்பர்களே! கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே! நடவை நிறுத்திவிட்டு ஈரக்காலோடு வந்திருக்கும் விவசாயிகளே! தூண்களுக்கு அந்தப் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் போர்டு மெம்பர் ஜவுளிக்கடை ஒச்சாண்டியின் வணக்கம்.

இந்தக் கூட்டத்தைப் போர்டு ஆபீசில் நடத்தலாம், அங்கே மேஜை நாற்காலி இருக்கிறது என்று பிரசிடெண்டு அவர்கள் சொன்னார்கள். கடைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வார்டு மெம்பர் சங்கிலியம்மாள் அவர்களுக்கு இரங்கல் கூட்டம் என்றால் அது இந்தக் கல்மண்டபத்தில்தான் நடக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே தலைவர் அவர்களே, நீங்கள் எந்த மண்டபத்தை இடிக்கத் தீர்மானம் கொண்டுவந்தீர்களோ, அதே மண்டபத்தில் உட்கார்ந்து தலைமை வகிக்கிறீர்கள்! அம்மையார் இருந்திருந்தால் இதைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பைத்தான் இன்று தேடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மலேரியாக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. இந்தப் பள்ளத்தாக்கில் அந்தக் காய்ச்சல் நுழையாத வீடு எது? அதற்கென்று ஆஸ்பத்திரியில் கொயினா மருந்து போதுமான அளவு வாங்கி வையுங்கள் என்று போர்டு கூட்டத்தில் ஓயாமல் கேட்டவர் அவர்தான். கேட்டவரையே அது எடுத்துக்கொண்டது. இந்தக் கொடுமையை நான் எங்கே போய்ச் சொல்வேன்!

மகாஜனங்களே! செத்தவர்களைப் பற்றிப் பேசும்போது குறையைச் சொல்லக் கூடாது என்பார்கள். சங்கிலியம்மாள் விஷயத்தில் அது நடக்காது. குறையே இல்லாதவர் என்று நான் பேசினால், "ஒச்சாண்டியண்ணே, யாரப் பத்திப் பேசுறீக?" என்று அவரே எழுந்து வந்து கேட்பார். கோபக்காரர். கடன் சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுவார். கயிற்றை அவர் கையால் முழம் போடுவார், அந்தக் கையோ குட்டைக் கை. முழம் குறைகிறதே என்று யாராவது முணுமுணுத்தால், "எனக்கு ஆண்டவன் வச்ச கை இம்புட்டுத்தான்" என்பார். பிறகு கேட்காமலே ஒரு சாண் கூட விட்டு வெட்டித் தருவார். வைதுகொண்டே கொசுறு கொடுத்த கை அது! பெயரோ சங்கிலி, விற்றது கயிறு. கமலைக்கு வடம் வேண்டுமா, காளைக்கு மூக்கணாங்கயிறு வேண்டுமா, தோட்டத்துக்கு ஏலக்காய் மூட்டை கட்டப் போகிறவருக்குக் கட்டுக்கயிறு வேண்டுமா, எல்லாரும் இந்த மூன்றாவது தூணுக்குத்தான் வருவார்கள். இதோ, பலகை சாத்தியிருக்கிறதே, அந்தத் தூண்.

அவர் மெம்பர் ஆன புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். கலெக்டர் துரை வருகிறார் என்று போர்டில் தோரணத்துக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்குக்கும் செலவு எழுதிக்கொண்டிருந்தோம். அன்று காலையில் வாய்க்கால் பாலம் உள்வாங்கி, நெல் மூட்டையோடு ஒரு வண்டி கவிழ்ந்து கிடந்தது. அம்மையார் கடையிலிருந்த வடத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். ஊரே சேர்ந்து இழுத்தது. வண்டி மேலே வந்தது, மாடுகள் பிழைத்தன. அவர் அதே வடத்தை, சேறும் தண்ணீரும் சொட்டச் சொட்ட, போர்டு ஆபீசுக்குள் இழுத்துவந்து தோரணக் கணக்கு எழுதிய மேஜையின் மேல் போட்டார்.

"இது வண்டியத் தூக்குன கயிறு. பாலத்தத் தூக்க உங்க கயித்த எப்ப எடுப்பீக?"

நாங்கள் தோரணக் கணக்கை மூடினோம். பிரசிடெண்டு அவர்கள் மட்டும், "மேஜை துணி கெட்டுப்போச்சேம்மா" என்றார்கள். "கொண்டாங்க, நான் வெளுத்துத் தாரேன்" என்று அம்மையார் துணியை உருவிக்கொண்டு போனார். கலெக்டர் துரைக்குத் தோரணம் குறைந்தது, வாய்க்காலுக்குப் பாலம் வந்தது. மேஜை துணியும் வெளுத்து வந்தது! அந்தப் பாலத்தின் மேல்தான் வெள்ளிக்கிழமை அவரைத் தூக்கிக்கொண்டு போனோம்.

இப்போது இந்த மண்டபத்துக்கு வருகிறேன். இதைக் கட்டியவர் யார்? யாருக்கும் தெரியாது. மலையேறும் பொதிமாட்டுக்காரர்கள் தங்கிப் போக யாரோ ஒரு புண்ணியவான் கட்டிவைத்தார். மாடு தண்ணீர் குடித்த கல்தொட்டி அதோ இருக்கிறது. பொதிமாடுகள் போய் லாரி வந்த பிறகு, தூணுக்குத் தூண் கடைகள் வந்தன. கயிறு, பூ, வெற்றிலை, பாத்திரம், ஜவுளி, மளிகை, வளையல் என்று ஏழு கடைகள். கலியாணமானாலும் கருமாதியானாலும் இந்த ஏழு கடையைச் சுற்றினால் எல்லாம் கிடைத்துவிடும்.

உத்தரத்துக் கல் ஒன்றில் விரிசல் கண்டது. பிரசிடெண்டு அவர்களுக்குப் பயம் வந்தது. அந்தப் பயம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். கல் விழுந்து ஒருவர் செத்தால் பழி தலைவருக்குத்தானே? ஆனால் பயத்தோடு ஆசையும் சேர்ந்துகொண்டது. மண்டபத்தை இடித்துவிட்டு மணிக்கூண்டோடு புது மார்க்கெட் கட்டிடம், கடைகளுக்குப் புது ஏலம் என்று திட்டம் வந்தது. வெளியூர்ப் பணக்காரர் ஏலம் கேட்டால் பூக்கடை ராமுத்தாய் எங்கே போவாள்? வளையல்காரர் எங்கே போவார்? ஊரில் இருக்கிற பணத்தையெல்லாம் மணிக்கூண்டில் கொட்டினால் சாக்கடைக்கு மிஞ்சுவது என்ன? அம்மையார் எழுந்தார்.

"ஆடுறது ஒத்தக் கல்லு. பல்லு ஆடுனா பல்லப் புடுங்குவாகளா, தலைய எடுப்பாகளா?"

சிரித்தோம். சிரித்துவிட்டு எங்களில் பலர் இடிப்பதற்கே கை தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

கொத்தனார் பால்பாண்டி ஆட்களோடு வந்து இறங்கினார். கண்டிராக்டர் அமர்த்திய மேஸ்திரி அவர். அதோ, கல்தொட்டி ஓரமாக நிற்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள். இடிப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் அவர் நேரே எங்கே போனார் தெரியுமா? கயிற்றுக்கடைக்கு!

"எதுக்குப்பா வடம்?"

"தூணக் கட்டி இழுக்க, ஆத்தா."

"எந்தத் தூண?"

பால்பாண்டி தலையைக் குனிந்துகொண்டு, அம்மையார் சாய்ந்து நின்ற தூணையே காட்டினார். பக்கத்துக் கடையில் நின்ற நான் துணி மடிப்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். அம்மையார் பதறவில்லை. நல்ல வடமாகப் பார்த்து எடுத்தார். முழம் போட்டார். கொசுறும் விட்டார்! காசை வாங்கி முடிந்துகொண்டு, "இடிக்கிறதுக்குன்னு உங்க ஆளுக எதும் மொற வச்சிருக்கீகளா?" என்று கேட்டார்.

"வேற ஒண்ணுமில்ல ஆத்தா. வெளக்கு எரியிற எடத்துல கடப்பாரை போடமாட்டோம். வீட்டுக்காரவுக கையால வெளக்க மலையேத்தி வெளிய கொண்டுபோய் வச்சப்பறந்தான் மொதக் கல்லத் தட்டுவோம். எங்கப்பன் காலத்துலருந்து அப்படித்தான்."

நம் பக்கத்துக் கொத்தனார்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான் இது. நமக்கெல்லாம் தெரிந்ததுதான். தெரிந்து என்ன பயன்? யாருக்காவது தோன்றியதா?

மறுநாள் காலையில் ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். அந்த மாடத்தைப் பாருங்கள். அதில் பொழுது சாய்ந்தால் மட்டும்தான் விளக்கு ஏற்றுவது பழக்கம். அன்று காலையிலேயே விளக்கு எரிந்தது. அம்மையார் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் நாரைத் திரித்துக்கொண்டிருந்தார். ஆட்கள் கடப்பாரையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்கள். எண்ணெய் தீரட்டும் என்று காத்திருந்தார்கள். தீரும்போது அவர் ஊற்றினார். மறுபடியும் தீரும்போது ராமுத்தாய் ஊற்றினாள். சாயங்காலம் நான் ஊற்றினேன். பிறகு கடைக்கு ஒரு கிழமை என்று முறை வைத்துக்கொண்டோம்.

கண்டிராக்டர் குதித்தார். போர்டு பியூன் சின்னக்கருப்பை அனுப்பி விளக்கை அணைக்கச் சொன்னார்கள். சின்னக்கருப்பு மாடத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். "எனக்குப் புள்ளகுட்டி இருக்குங்கய்யா, வேலைய வேணும்னா எடுத்துக்கங்க" என்றார். கடைசியில் பிரசிடெண்டு அவர்களே வந்தார்கள். இதை இங்கே சொல்லலாமா? சொல்லத்தான் வேண்டும். துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு மாடத்துக்கு முன்னால் நின்றார்கள். அம்மையார் எழுந்து வழிவிட்டார்.

"அணைக்கிறதுன்னா அணைங்க, நான் தடுக்கல. வீட்டுக்காரவுக கையாலதான் மலையேத்தணும்னு மொற. இது ஊரு வீடு, நீங்க ஊருக்குத் தலைவரு. உங்க கைக்கு அந்த உரிமை இருக்கு."

தலைவர் அவர்களே, அன்று வெகுநேரம் நின்றீர்கள். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். அதற்கு ஊரில் சிலர் சிரித்தார்கள். சங்கிலியம்மாள் சிரிக்கவில்லை. "நல்ல மனுசன். கை வரல பாத்தீகளா" என்று என்னிடம் சொன்னார். உங்களை எத்தனையோ வைதவர்தான். அன்று சொன்ன சொல்லும் அவருடையதுதான். அதை இன்று உங்களிடம் சேர்த்துவிட்டேன்.

அதன் பிறகு விரிசல் கல்லுக்கு இரும்புத் தாங்கல் கொடுக்க அவரே தீர்மானம் கொண்டுவந்தார். இடிப்பது ஒத்திவைக்கப்பட்டது, அதுவும் ஒரே ஓட்டில்! அந்த ஒரு ஓட்டு அவருடையது. பால்பாண்டி வடத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். "வித்த சரக்க வாங்குற பழக்கம் இல்ல, கெணத்துக்குப் போட்டுக்க" என்று அம்மையார் அனுப்பிவிட்டார். பிறகு யுத்தத்தால் எண்ணெய் கிடைக்காமல் போயிற்று. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம். அவர் பெண்களைக் கூட்டிக்கொண்டு தோப்புகளில் இலுப்பை விதை பொறுக்கி, செக்கில் கொடுத்து ஆட்டி வந்தார். எந்தக் கடையின் முறையும் தப்பவில்லை. விளக்கும் அணையவில்லை.

போன வெள்ளிக்கிழமைதான் அது அணைந்துவிட்டது என்று நினைத்தோம். அன்று பூக்கடை முறை. பொழுது விடியும்போது செய்தி வந்தது. ஏழு கடையும் அடைத்துவிட்டு ஓடினோம். ராமுத்தாய் மாலை கட்டுவாளா, எண்ணெயை நினைப்பாளா? பாடை தூக்கி, பாலம் தாண்டி, சுடுகாட்டு வேலையெல்லாம் முடித்து, ஆற்றில் குளித்துத் திரும்பும்போதுதான், பாலத்தடியில் பெண்களோடு காத்திருந்த அவள் எங்களைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, வெளக்கு! ஆத்தாளோட சேர்ந்து அதுவும் போயிருச்சே!" அவரை எரித்துவிட்டு வந்த அன்றே அவருடைய விளக்கையும் அணைய விட்டோமே என்று, ஈர வேட்டியோடு ஓடி வந்தோம்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது! திரி புதிது. எண்ணெய் ததும்ப நின்றது. மாடத்துக்குக் கீழே பால்பாண்டி உட்கார்ந்திருந்தார். சுடுகாட்டுக்குக்கூட வராமல் காலையிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்ப்பா, இடிக்க வந்த ஆளு நீ" என்றேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"ஆத்தா வெளக்கு அணைஞ்சா நாளைக்கு எங்களத்தான அய்யா கூப்புடுவாக? கூப்புட்டா வரணும். வந்தா இடிக்கணும். அதான் அணைய விடல."

இதற்கு மேல் நான் என்ன புகழ்ந்துவிடப் போகிறேன்? எத்தனையோ தலைவர்கள் தம் பக்கத்து ஆட்களைத் தம் பக்கம் வைத்துக்கொள்ளவே பாடுபடுகிறார்கள். கடப்பாரையோடு வந்தவரைக் காவலுக்கு உட்கார வைத்தவர் நம் சங்கிலியம்மாள்!

பெரியோர்களே! வருகிற போர்டு கூட்டத்தில் அந்த இடிப்புத் தீர்மானம் மறுபடி வருகிறது. அம்மையாரின் நாற்காலி காலியாக இருக்கிறது. அந்த ஓட்டு இல்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், இரண்டு பக்கமும் சமம், முடிவு தலைவர் கையில், எனக்குத் தூக்கம் வரவில்லை. படம் திறக்கலாம், தெருவுக்குப் பெயர் வைக்கலாம் என்று சற்றுமுன் பேசினார்கள். மூன்றாவது தூண் போன பிறகு படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது? அவர் பணியைத் தொடர்வோம் என்று நாமெல்லாம் உறுதி எடுக்கத்தான் போகிறோம். அதை வாயால் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. கயிற்றுக்கடையின் முறை. பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது, மாடத்தில் எண்ணெய் அடியில் நிற்கிறது, இங்கிருந்தே தெரிகிறது. இந்தக் கிண்ணத்தில் இருப்பது அவர் கடைசியாக ஆட்டிவைத்த இலுப்பை எண்ணெய். இதை ஊற்ற நானும் வரலாம், ராமுத்தாயும் வரலாம், பால்பாண்டியும் வரலாம். கடைக்காரர்களுக்கு வேறு கிழமை இருக்கிறது, பால்பாண்டி வெள்ளிக்கிழமையே ஊற்றிவிட்டார்.

தலைவர் அவர்களே, அன்று இந்த விளக்கை அணைக்க உங்களுக்குக் கை வரவில்லை. வீட்டுக்காரர் கை அது என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கிண்ணத்தைப் பிடியுங்கள். ஊரே பார்க்கிறது. நானும் கூடப் பிடித்துக்கொள்கிறேன். வாருங்கள்.