நாலு ஃபேனும் ஓர் ஆளும்

"ஆறு மணிக்கு ஃபேன் ஓடும்னு பன்னெண்டுக்கே எப்படிடா தெரியும்? சோசியம் பாக்குறியா?"

"எல்லாரும் இப்படித்தாண்ணே எழுதுறாக."

"அவனுக பெர்மனன்ட். நீ?"

எண்பத்திரண்டாம் வருஷம், சித்திரை மாத ஞாயிறு. உச்சிப்பொழுது. கப்பலூர் ரோட்டில் காக்கா கூட இல்லை. ரோட்டோரத்து நூல் மில்லில்தான் இந்தச் சத்தம். கத்தியவர் எங்கள் வில்லாபுரம் தெருவில் ஊர்ச்சேதி பரப்புகிற ஹாஜராவின் அண்ணன் ஜலால், அங்கே ஃபோர்மேன். வாங்கிக் கட்டிக்கொண்டவன் முத்திருளன், டெம்பரவரி.

மில்லுக்கு லீவென்றாலும் தரைக்கு அடியில் நாலு பெரிய ஃபேன்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஈரக்காற்று இல்லாவிட்டால் மிஷினில் கிடக்கிற நூல் அறுந்துவிடும். மணிக்கொரு தரம் கீழே இறங்கி, நாலையும் கண்ணால் பார்த்து, நோட்டில் 'ஓடுது' என்று எழுத வேண்டும். எவன் இறங்கினான்? மேலே போர்டில் பச்சை பல்பு எரிந்தால் எழுதிவிடுவார்கள். முத்திருளன் அதுக்கும் ஒரு படி மேலே… வந்தவுடன் சாயங்காலம் வரைக்கும் எழுதி முடித்துவிட்டுக் காலை நீட்டிவிடுவான்.

ஜலால் அந்தப் பக்கத்தைக் கிழித்தார். "இன்னைக்கு இறங்கிப் பாத்து எழுது. ஆறு மணிக்கு வாரேன். நோட்டு சரியா இருந்தாத்தான் பெர்மனன்ட்டுக்கு உன் பேரு."

பெர்மனன்ட் ஆனால்தான் மாமன் பேயாண்டி தன் மகள் பாண்டியம்மாளைக் கொடுப்பார். தெருவுக்கே தெரிந்த சங்கதி. ஜலால் கேட்டைப் பூட்டிக்கொண்டு வில்லாபுரத்துக்குச் சைக்கிளை மிதித்தார். உள்ளே அவன் ஒருத்தன்தான்.

ஒரு மணி. இறங்கினான்… வேலைக்கு வந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. இரும்புக் கதவைத் தாண்டியதும் பின்னால்… டம்.

ஃபேன் இழுக்கிற இழுப்பில் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். ஃபேனை அமர்த்தாமல் உள்ளேயிருந்து தள்ளினால் அசையாது. சுவிட்சோ மேலே. கதவிடுக்கில் கட்டை வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். இறங்கிப் பழகியவனுக்கல்லவா அது தெரியும்.

கும்மிருட்டு. ஊறிய பஞ்சு நாற்றம். நாலு ஃபேனின் உறுமல்… கத்தினான். உதைத்தான். கதவில் கையை ஊன்றி நின்றான்.

உள்ளங்கையில் ஏதோ அதிர்ந்தது. யாரோ படியில் இறங்குகிறார்கள்… ஒவ்வொரு படியாக. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. இடுக்கு வழியே இழுத்த காற்றில் வாடிப்போன சம்பங்கி வாடை.

"அண்ணே… ஃபேனை அமத்துங்கண்ணே."

கொஞ்ச நேரம் நின்றது. திரும்ப மேலே ஏறிப் போனது. மணிக்கொரு தரம் அப்படியே வந்தது… நின்றது… போனது.

ஆறு மணிக்கு ஜலால் வந்தபோது கேட்டில் பூட்டு போட்டபடியே இருந்தது. ஃபேனை அமர்த்திக் கதவைத் திறந்தார். முத்திருளன் சுவரில் சாய்ந்திருந்தான், கண் திறந்தபடி. தூக்கிவிட்டதும் நடந்தான்.

மேலே நோட்டில் புதுப் பக்கம். அவன் கையெழுத்தில்லை. நாலு ஃபேனுக்கும் மணிக்கு மணி 'ஓடுது'. அதற்குக் கீழே, ஆள் என்று போட்டு இன்னொரு வரி.

ஒரு மணி, கத்துது. ரெண்டு, தட்டுது. மூணு, முனகுது. நாலு, உக்காந்திருக்கு. அஞ்சு… நின்னுபோச்சு.

பயந்துபோன ஜலால் மறுநாளே பெர்மனன்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஹாஜரா வாயில் விழுந்த சேதி வில்லாபுரத்தோடு நிற்குமா? பேயாண்டி வரைக்கும் போய்விட்டது.

"அஞ்சு மணிக்கே நின்னுபோனவனுக்கு எப்படிய்யா பொண்ணக் குடுக்க?"

வைகாசியிலேயே பாண்டியம்மாள் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவருக்கு வாக்கப்பட்டுப் போனாள். முத்திருளன் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டான். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டானாம். அவன் தூங்கினதும் அவள் மூக்கில் விரலை வைத்துப் பார்ப்பாளாம்.

சில ராத்திரி மூச்சு வருமாம்.