ஆணா பெண்ணா என்று நான் கேட்கவே இல்லை

வாசல் மணியும் புகை அலாரமும் ஒரே நேரத்தில் அலறின. ரொட்டியை டோஸ்டரில் வைத்துவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடப் போனால் இப்படித்தான் ஆகும் என்பது சமீபகாலமாக எனக்குத் தெரிந்திருக்கிறது. முதலில் அலாரத்தை நிறுத்தினேன். பிறகு கதவைத் திறந்தேன்.

வங்கிப் புகார்களை விசாரிக்கும் ஆணையத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு அவருடைய உதவியாளர்.

"உள்ள ஏதாவது தீப்பிடிச்சிருக்கா சார்?"

"இல்ல மேடம். டிபன்."

இரண்டு பேரையும் உட்காரவைத்து, கருகாத பக்கமாகப் பார்த்து ரொட்டி கொடுத்தேன். அவர்கள் தொடவில்லை. அன்று அவர்களிடம் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். கூட்டிக் குறைத்துப் பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது.

நான் வேலை பார்க்கும் கம்பெனி வங்கிகளுக்கு விதி எழுதி விற்கிறது. கிரெடிட் கார்டு கேட்டு நீங்கள் விண்ணப்பித்தால், கொடுக்கலாமா கூடாதா என்று ஒரு கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுகிறது அல்லவா? அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். ஆபீஸில் என்னைச் சல்லடை என்று கூப்பிடுவார்கள். இந்த நகரத்தில் எந்த வங்கியின் படியை ஏறினாலும் என் சல்லடை வழியாகத்தான் விழ வேண்டும்.

அதிகாரியம்மா சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு வருஷமா உங்க விதி மறுத்தவங்கள்ல பத்துக்கு ஒம்பது பேர் பொம்பளைங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?"

"விண்ணப்பத்துல ஆணா பெண்ணான்னு ஒரு கட்டம் இருந்துச்சு மேடம். அதை எடுத்ததே நான்தான். அந்த மாதிரி பாகுபாடெல்லாம் எனக்குப் பிடிக்காது."

உண்மை அதுதான். அந்தக் கட்டத்தை எடுக்க வேண்டும் என்று மேலதிகாரியிடம் மன்றாடியவன் நான். அதற்காக ஆபீஸில் எனக்குக் கண்ணாடியில் ஒரு பரிசுக் கோப்பை கொடுத்தார்கள்.

எல்லாம் ஆரம்பித்தது என் மனைவி ஒரு கார்டு கேட்டதில். அவளிடம் கார்டு இல்லாமல் இல்லை. என் கணக்கிலேயே அவளுக்கும் ஒரு துணைக் கார்டு வாங்கிக் கொடுத்திருந்தேன். அவள் எதை வாங்கினாலும் அடுத்த நொடி என் போனுக்குத் தகவல் வந்துவிடும்.

"எனக்குன்னு தனியா ஒரு கார்டு வேணும்" என்றாள்.

"எதுக்கும்மா? அதான் என்னுது இருக்கே."

"நான் ஒரு ஹேர்பின் வாங்கினாக்கூட உங்க போன் கத்துது."

"கத்தட்டுமே. அதுல சார்ஜ் இருக்கு."

நான் நகைச்சுவையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் அவள் மூடாமல் விட்டிருந்த பக்கத்தைப் பார்த்தேன். அவளுடைய அக்கா இருக்கும் ஊரில், ஓர் அறை கொண்ட வாடகை வீடு. ஒருவர் தங்குவதற்கு. முன்பணத்தைக் கார்டில் மட்டுமே கட்ட வேண்டும் என்று கீழே போட்டிருந்தது. படத்தில் ஒற்றைக் கட்டில் இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளைத் திட்டவில்லை. கை நீட்டவில்லை. அப்படிப்பட்ட ஆண்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. மறுநாள் ஆபீஸுக்குப் போய் ஒரு விதி எழுதினேன்.

விதியில் ஆளின் பெயரைப் போட முடியாது. போட்டால் அது பாரபட்சம். ஆகவே பெயரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுத வேண்டியிருந்தது. அவள் கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டவள். விடச் சொன்னது நான்தான், அது வேறு விஷயம். சம்பாத்தியத்தில் நீண்ட இடைவெளி உள்ளவர்களுக்குக் கார்டு இல்லை என்று எழுதினேன். அவளுக்கு மறுப்பு வந்தது. கூடவே சில ஆயிரம் பேருக்கும் வந்தது.

அன்று சாயங்காலம் அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. நான் காபி போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து மேல்முறையீட்டுக் கடிதம் எழுதினோம். அவள் எழுதியதில் இரண்டு இடங்களைத் திருத்தி, இன்னும் உருக்கமாக்கிக் கொடுத்தேன். அடுத்த நாள் அந்தக் கடிதம் என் மேஜைக்கே வந்தது. படித்தேன். நல்ல கடிதம். நிராகரித்தேன்.

அவள் விடவில்லை. முன்பு வேலை பார்த்த பல் ஆஸ்பத்திரியிலேயே வரவேற்பு மேஜையில் மறுபடியும் சேர்ந்தாள். இடைவெளிக்குப் பிறகு சேர்ந்த வேலை கணக்கில் வராது என்று நான் ஒரு வரி சேர்த்தேன். ஆஸ்பத்திரி டாக்டரம்மா சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். ஒரே விலாசத்தில் ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவர் இருந்தால் இன்னொருவருக்குத் தேவையில்லை என்று சேர்த்தேன். படிப்புச் சான்றிதழில் ஓர் இனிஷியலும் இப்போது வேறு இனிஷியலும் இருப்பவர்களையும் ஒதுக்கினேன். இனிஷியலையே மாற்றிக்கொள்கிறவர் கடனைத் திருப்பித் தருவார் என்று எப்படி நம்புவது?

"அதை மாத்தச் சொல்றதே புருஷனுங்கதானே சார்?" என்றார் அதிகாரியம்மா.

"யார் சொல்லி மாத்தினாங்கன்னு விதி கேக்காது மேடம். எல்லாருக்கும் ஒரே மாதிரி."

என் மனைவிக்கு இன்னொரு பழக்கம். எதில் கையெழுத்துப் போட்டாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் போடுவாள். விண்ணப்பத் திரையில் நிபந்தனைகளைக் கடைசி வரை நகர்த்திப் படிப்பவர்களுக்கு மதிப்பெண் குறைப்பு என்று சேர்த்தேன். எண்ணம் நேராக இருப்பவன் எதற்காக அவ்வளவு படிக்க வேண்டும்?

அந்த வரிதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. ஒரு வங்கியின் சட்டப்பிரிவுத் தலைவி தன் வங்கியிலேயே கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். நிபந்தனைகளை எழுதியதே அவர்தான். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று கடைசி வரை படித்துப் பார்த்தாராம். உங்களை நம்ப முடியவில்லை என்று அவருக்கு அவருடைய வங்கியே பதில் அனுப்பிவிட்டது. புகார் அங்கிருந்து கிளம்பியது.

அதிகாரியம்மா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இந்தம்மாவோட கணவர் ஆஸ்பத்திரியில இறந்துட்டார். அவர் போன அன்னிக்கே துணைக் கார்டு செத்துப்போச்சு. பில் கட்டாம உடம்பைத் தர மாட்டோம்னுட்டாங்க. உங்க கிட்ட அவசரமா கார்டு கேட்டிருக்காங்க. மறுத்திருக்கீங்க. ஏன்?"

"அந்த விலாசத்துல ஏற்கெனவே ஒரு கார்டுக்காரர் இருக்கார் மேடம்."

"அவர்தான் சார் செத்துட்டாரு."

"விலாசத்துல இருந்தார்."

உதவியாளர் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவருக்காக மறுபடி ஒருமுறை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். வாக்குமூலம் என்றால் சரியாகப் பதிவாக வேண்டும்.

அந்தம்மாவுக்காக நான் வருத்தப்படவில்லை என்று நினைக்காதீர்கள். வருத்தப்பட்டேன். ஆனால் அவருக்கு ஒரு விலக்குக் கொடுத்தால், அதே வழியாக என் மனைவியும் நுழைந்துவிடுவாள். ஒருத்திக்காக விதியை வளைப்பது நியாயமா?

இவ்வளவுக்குப் பிறகும் அவளை நிறுத்த முடியவில்லை. ஒருநாள் காலையில், பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு பெட்டியோடு கிளம்பினாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"அக்கா ஊருக்கு."

"எத்தனை நாளுக்கு?"

"சொல்றேன்."

முன்பணத்தைக் கட்டியது பல் டாக்டரம்மாவின் கார்டு. அது எப்படித் தேறியது என்று பிறகு தேடிப் பார்த்தேன். டாக்டரம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையை விட்டதில்லை, வீடு மாறியதில்லை, இனிஷியல் மாறியதில்லை, எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். சல்லடையில் அப்படி ஒரு பொத்தல் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. விதியின் அடுத்த புதுப்பித்தலில் அடைத்துவிட்டேன். பிறர் வீட்டு வாடகைக்கு முன்பணம் கட்டுகிறவர்கள் இப்போது தேற மாட்டார்கள்.

போன பிறகும் அவள் அந்த ஊரிலிருந்து விண்ணப்பித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அங்குள்ள வங்கிகளுக்கும் எங்கள் விதியை விற்க ஏற்பாடு செய்தேன். கம்பெனிக்கு அது பெரிய வியாபாரம்; எனக்குச் சம்பள உயர்வு கிடைத்தது. ஒவ்வொரு முறையும் அவள் விண்ணப்பம் வரும்போது கையெழுத்தைப் பார்க்கிறேன். நன்றாக இருக்கிறாள் என்று தெரிகிறது. கையெழுத்து முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது.

அதிகாரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சமையலறைப் பக்கம் பார்த்தார். தொட்டியில் குவிந்திருந்த தட்டுகளைப் பார்த்தார். அவர் குரல் தணிந்திருந்தது. என் மேல் அவருக்கு நல்ல அபிப்பிராயம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"சரி சார். அவங்க போகக் கூடாதுன்னு விதி போட்டீங்க. அவங்க போயிட்டாங்க. அங்க வேலை பாக்கறாங்க, தனியா வீடு எடுத்து இருக்காங்க. இன்னிக்குக் காலையிலகூட உங்க விதி எத்தனையோ பொம்பளைங்களை மறுத்திருக்கு. அவங்களையும் மறுத்திருக்கு. இன்னும் எதுக்கு சார் அது ஓடிக்கிட்டிருக்கு?"

இவ்வளவு படித்த ஒருவர் இவ்வளவு எளிமையான கேள்வி கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பொறுமையாகவே பதில் சொன்னேன்.

"கார்டு கிடைச்சிருச்சுன்னா, அப்புறம் எதுக்கு மேடம் அவ என்கிட்ட திரும்பி வரப் போறா?"