கேட்டேன், பார்த்தேன், பொய்

எனக்குக் கொஞ்சம் கனத்த குரல், சார். சின்ன வயதில் அதற்காகக் கேலி செய்தவர்களே பிற்பாடு அந்தக் குரலுக்காகக் காத்திருந்தார்கள். இந்த ஊரில் என்னைப் பார்க்காதவர்கள் இருக்கலாம், என் குரலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

பத்திரிகை ஆபீஸ் மாடியில், பழைய ஃபைல்களைப் போட்டுவைத்திருந்த அறையில்தான் என் வேலை. ஒரு மேஜை, இரண்டு போன், கடகடவென்று ஆடும் ஒரு ஃபேன். தேர்தல் வந்தால் போனில் புரளியும் வந்துவிடும். சந்தேகமாக இருப்பதை ஜனங்கள் என் எண்ணுக்கு அனுப்புவார்கள். நான் விசாரித்துவிட்டு, என் குரலில் பதிவு செய்து எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புவேன். ‘கேட்டேன், பார்த்தேன், பொய்.’ அல்லது, ‘கேட்டேன், பார்த்தேன், உண்மை.’ அவ்வளவுதான். வளவளவென்று பேசினால் யார் கேட்பார்கள்? உண்மை என்று சொல்ல வாய்ப்பே வராததால் எனக்குப் பொய்யண்ணன் என்று பெயர் வைத்தார்கள். ‘ஆபீஸில்தான் இருக்கிறேன்’ என்று கணவர் அனுப்பியதை எனக்குத் தட்டிவிட்டு, உண்மையா பொய்யா என்று கேட்ட பெண்மணிகளும் உண்டு. குடும்ப விவகாரத்தில் மட்டும் நான் தலையிட்டதில்லை.

போன தேர்தலில் ஒரு வதந்தி கிளம்பிக் கடைத்தெரு எரிந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு ஆட்டோக்காரர்கள், நர்சுகள், கடைக்காரர்கள் எல்லோரும் கூடிப் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். என் குரல் வரும்வரை எதையும் யாருக்கும் அனுப்பக்கூடாது. அந்தக் கட்டுப்பாட்டுக்கு நாளடைவில் ஒரு வாலும் முளைத்தது. ஒரு மணி நேரத்துக்குள் நான் பொய் என்று சொல்லாவிட்டால் அது உண்மை. அந்த வாலை ஒட்டியது நான் இல்லை. ஆனால் அது இருப்பது எனக்குத் தெரியும்.

தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னால் எடிட்டர் என்னைக் கூப்பிட்டார். ஜனங்கள் தேறிவிட்டார்களாம், இப்போதெல்லாம் யாரும் ஏமாறுவதில்லையாம். தேர்தல் முடிந்ததும் அறையை மூடிவிடலாம் என்றார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர்கள் தேறவில்லை, சார். என்னைக் கேட்கப் பழகியிருந்தார்கள், அவ்வளவுதான். அடுத்த தேர்தலில் கேட்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும்? எரிந்த கடைகளுக்குள் நான் நடந்து பார்த்தவன். எனக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தால் புகை வாடை வந்தது. பயந்துபோனேன், அதை ஒளிக்கவில்லை.

ஒரே ஒரு பொய்யைக் கொஞ்ச நேரம் நடமாட விட்டால் போதும் என்று தோன்றியது. குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிறோமே, அந்த மாதிரி. இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், பிறகு பயமில்லை.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் மத்தியானம் அந்தப் படம் வந்தது. பள்ளிக்கூடத்துப் பின்வாசலில் ஒரு வேன். டிரைவர் அட்டைப்பெட்டிகளை உள்ளே தூக்கிப் போகிறார். வாக்குப் பெட்டியை மாற்றுகிறார்கள், எல்லோரும் வாருங்கள் என்று கீழே எழுதியிருந்தது. வேனைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது என் தங்கை கணவருடையது. போன் போட்டேன்.

“தண்ணி பாட்டில் மச்சான். நாளைக்கு ட்யூட்டி பார்க்கிறவங்களுக்கு. இன்னும் பாதி வண்டி கிடக்கு, என் முதுகு கழண்டுடும் போல” என்று சிரித்தார்.

விசாரணை அத்தோடு முடிந்தது. பதிவு செய்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. நான் அனுப்பவில்லை. யோசித்துத்தான் இந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்தேன். முன்பின் தெரியாத ஆளாக இருந்தால் என் மனசு கேட்டிருக்காது. இவர் நம் வீட்டு மனிதர். உண்மை என் கையில் இருந்தது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம்.

ஒரு மணி நேரம் போயிற்று. செய்தி உண்மையாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் தங்கை கூப்பிட்டாள்.

“அண்ணா, வேனைச் சுத்தி நிக்கிறாங்களாம். இவர் உள்ளே கதவைப் பூட்டிக்கிட்டு இருக்கார். உனக்கு அந்தப் படம் வரலையா? நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா போயிடுவாங்க அண்ணா.”

“விசாரிச்சுக்கிட்டிருக்கேன்மா. கொஞ்சம் பொறு.”

அந்த நேரத்தில் வந்திருந்தவர்களில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அப்போது சொல்லியிருந்தால் அசட்டுச் சிரிப்போடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். யாருக்கும் ஒன்றும் உறைத்திருக்காது. தங்கை மறுபடி கூப்பிட்டாள், கண்ணாடியை உடைக்கிறார்கள் என்றாள். அதற்கடுத்த தடவை பேசவே இல்லை, அழுகை மட்டும் கேட்டது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, சார். உடனே பதிவு செய்தேன். குரல் பிசிறடித்தது. நடுங்குகிற குரலை யாரும் நம்ப மாட்டார்கள் என்று அதை அழித்துவிட்டு, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பதிவு செய்து அனுப்பினேன்.

அங்கே நின்றவர்கள் அத்தனை பேர் போனிலும் என் குரல் வந்தது. கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்களாம். உங்கள் ஆட்கள் லத்தியைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. இதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வேனுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். தெருவெல்லாம் தண்ணீர். உயிர் அப்போதே போய்விட்டது என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது. அன்றைக்கு எத்தனையோ புரளி வந்தது, ஒருவர்கூட அசையவில்லை. எடிட்டர் வந்து தோளைத் தட்டி, அறையை மூடப்போவதில்லை, கூடவே ஆள் போடலாம் என்றார். நான் நினைத்தது நடந்தது.

நேற்றுத் தங்கையிடமிருந்து ஒரு செய்தி வந்தது. என் சொந்த எண்ணுக்கு இல்லை, ஊரார் அனுப்பும் ஆபீஸ் எண்ணுக்கு. யாரோ குத்துமதிப்பாக எழுதியது ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ‘அந்த டிரைவர் மேல் தப்பில்லை என்று பொய்யண்ணனுக்கு முதலிலேயே தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தார்.’ அதன் கீழே அவள், ‘அண்ணா, இது பொய்தானே?’ என்று கேட்டிருந்தாள்.

நான் பேசாமல் இருந்தால் அது உண்மையாகிவிடும். அந்த வழக்கம் அவளுக்கும் தெரியும். பதிவு செய்தேன். ‘கேட்டேன், பார்த்தேன், பொய்.’

‘எனக்குத் தெரியும் அண்ணா’ என்று பதில் வந்தது. ‘சாப்பிட்டியா?’

எங்கள் அறையில் ஒரு விதி உண்டு. தப்பான பதில் போய்விட்டால் அதே குரலில் திருத்த வேண்டும். ராத்திரி முழுக்க முயற்சி செய்தேன், குரல் எழும்பவில்லை. அதனால்தான் காலையில் இங்கே வந்தேன். மாப்பிள்ளை விஷயத்தை விளக்கிவிட்டேன், அதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். தங்கைக்கு நான் சொன்ன பதிலை மட்டும் தெளிவாக எழுதுங்கள், சார். இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து வந்த ஒரே பொய் அதுதான்.